தாயத்துக்குள் இருந்தவர்கள்

என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பெண் ஒருத்தி இப்போது பெரிய மரபணுச் சோதனைக்கூடம் ஒன்றுக்குத் தலைவி. போன மாதம் போன் செய்தாள். "மேடம், கோட்டூர்புரம் லைப்ரரி ஹால்ல ஒரு கருத்தரங்கு. குளோனிங், ஜீனைத் திருத்தறது, இதெல்லாம் நியாயமா இல்லையான்னு நீங்க இருபது நிமிஷம் பேசணும்" என்றாள். நிகழ்ச்சி நிரலையும் அனுப்பினாள். நியாயத்துக்கு இருபது நிமிடம், மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம். நாடு சரியான திசையில்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பேச விஷயம் தேட வேண்டியதில்லை. ஒரு தாயத்தின் கதை கைவசம் இருக்கிறது. ஓய்வு பெறும் வரை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் பையனுக்கும் அதைச் சொல்லியிருக்கிறேன். ஒரு டாக்டர் நோயாளியிடம் எப்படிப் பேசக் கூடாது என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே உதாரணம் அது. கருத்தரங்கிலும் அதையே சொல்லிவிடலாம் என்றிருந்தேன். போன வாரம் கே.கே. நகரில் என் வீட்டுக் கதவைத் தட்டிய இரண்டு பேர் அதைக் கெடுத்துவிட்டார்கள். அவர்கள் முறை வரும்போது அவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் படித்தது விலங்கியல். படித்து முடித்ததும் கொசுவின் குரோமோசோம்களை எண்ணும் வேலை கிடைத்தது. கொசுவுக்கு ஆறு. முதல் வருஷமும் ஆறு, மூன்றாம் வருஷமும் ஆறு. இதற்கு மேல் கொசுவிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் தி. நகரில் டாக்டர் பட்டாபியின் சோதனைக்கூடத்தில் சேர்ந்தேன்.

பாண்டி பஜாரிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பாத்திரக் கடைக்கு மேல் மாடி எங்களுடையது. கீழே எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டும் மிஷின் நாள் முழுக்க ‘ர்ர்ர்’ என்று ஓடும். சீர்வரிசைக்கு வாங்குகிறவர்கள் பெண்ணின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். மேலே எங்கள் வாசலில் இன்னொரு கூட்டம் காத்திருக்கும். பரம்பரை நோய் இருக்கிறதா இல்லையா என்று கேட்க வந்த கூட்டம். மாடிக்கு வர வேண்டியவர்கள் வழி தவறிக் கடைக்குள் நுழைந்து டபரா வாங்கிக்கொண்டு போனதும் உண்டு. அவர்கள் புத்திசாலிகள்.

டாக்டர் பட்டாபி மயிலாப்பூர்க்காரர். வெள்ளை முழுக்கைச் சட்டை, எப்போதும் விரலடையாளம் படிந்த மூக்குக்கண்ணாடி. அவருக்குள் இரண்டு ஆட்கள் இருந்தார்கள். பத்திரிகைக்காரர் வந்தால் ஒருவர் வெளியே வருவார். கையை வீசி, ஜன்னல் பக்கம் திரும்பி, மனித குலத்தின் எதிர்காலத்தைப் பற்றி மூச்சு விடாமல் பேசுவார். நோயாளி வந்தால் இன்னொருவர். கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தால் மேஜைக்குப் பின்னால் உட்கார மாட்டார். மூலையிலிருந்து ஒரு குட்டை ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு, எதிரில் இருப்பவரைவிடத் தணிந்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்பார். ஸ்டூல் தரையில் இழுபடும் சத்தம் கேட்டாலே வெளியே இருக்கும் நாங்கள் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிடுவோம்.

வேலையில் அவர் கெடுபிடி தனி. வந்த சாம்பிளை ஒருநாளும் முழுசாகப் பயன்படுத்தக் கூடாது. "பாதியை எடுத்து வை மங்கை. நாளைக்கு நாம அசடுன்னு தெரிஞ்சா, அந்தப் பாதிதான் நம்ம மானத்தைக் காப்பாத்தும்" என்பார். மங்கையர்க்கரசி என்ற என் பெயரிலும் பாதியைத்தான் பயன்படுத்தினார். ஒவ்வொரு சோதனையோடும் வெறும் தண்ணீர் ஊற்றிய ஒரு குழாயும் போக வேண்டும். தண்ணீரிலும் ஜீனைக் காட்டும் கோடு தெரிந்தால், எங்கிருந்தோ கலப்பு ஏற்பட்டுவிட்டது என்று அர்த்தம்; அன்றைய வேலை முழுக்கக் குப்பைக்கு. முடிவை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் எழுதி, பிறகுதான் ஒப்பிட வேண்டும். கல்யாணப் பொருத்தத்துக்குக்கூட மயிலாப்பூரில் யாரும் இவ்வளவு பார்ப்பதில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதியில் அந்த ஆட்டுக்குட்டிச் செய்தி வந்தது. வெளிநாட்டில் ஓர் ஆட்டின் மடியிலிருந்து செல்லை எடுத்து, அதே ஆட்டை மறுபடி உண்டாக்கிவிட்டார்கள். தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் நிருபர் அன்றைக்கே மாடியேறி வந்துவிட்டார். டாக்டர் முக்கால் மணி நேரம் பேசினார். நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் அவர் பேச்சில் நிறைய ‘ஆனால்’ இருந்தது. நிருபர் எல்லா ‘ஆனால்’களையும் வெட்டிவிட்டு, ‘இறந்தவர்கள் திரும்பி வருவார்கள்: தி. நகர் டாக்டர்’ என்று படத்தோடு போட்டுவிட்டார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டே, படம் நன்றாக விழுந்திருக்கிறதா என்றும் பார்த்தார்.

அப்புறம் போன் ஓயவில்லை. மயிலாப்பூர் சபா ஒன்றின் காரியதரிசி பேசினார். வயதான வித்வான் ஒருவரை இன்னொரு பிரதி எடுக்க வேண்டுமாம். "அடுத்த டிசம்பர் சீசனுக்குள்ள ஆயிடுமோன்னோ?" என்று கேட்டார். பிறக்கப் போவது குழந்தை, அதுவும் சரளி வரிசையிலிருந்துதான் ஆரம்பிக்கும் என்று விளக்கினேன். "அப்போ சாதகம் பண்ணணுமா? அதுக்கு நாங்க வேற புள்ளையாண்டானையே பாத்துப்போமே" என்று வைத்துவிட்டார். ஒரு கட்சிக்காரர் நேரிலேயே வந்து, காலமான தலைவரைத் தொகுதிக்கு ஒருவராகச் செய்ய முடியுமா என்று கேட்டார். டாக்டர் கவலையோடு, "அப்புறம் அவாளுக்குள்ளயே கட்சி உடைஞ்சுடுமேய்யா" என்றார். வந்தவர் யோசித்துப் பார்த்து, வாஸ்தவம்தான் என்று போய்விட்டார்.

அந்த வாரத்தில்தான் வளர்மதி வந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். மஞ்சள் பூப்போட்ட வாயில் புடவை. முந்தானைக்குள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தாள். சைதாப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

"அக்கா, ஆடு செஞ்சாங்கல்ல, அது இங்கதான?"

"அது வெளிநாட்டிலம்மா. உனக்கு என்ன வேணும்?"

முந்தானையைப் பிரித்தாள். கறுத்துப்போன ஒரு வெள்ளித் தாயத்து, சுண்டு விரல் நீளம், இரண்டு பக்கமும் அரக்கு வைத்து அடைத்தது. "எம் பொண்ணு பவானியோட தொப்புள்கொடி. வுயுந்ததும் எடுத்து இதுல போட்டு அரணாக்கொடில கட்டினோம். பத்து மாசத்துல பூட்டுச்சு. இத்த வெச்சு அவளையே செஞ்சு குட்த்துடுங்கக்கா" என்றாள்.

படித்ததைத்தானே ஒப்பிக்க முடியும்? ஒப்பித்தேன். அந்த ஆட்டுக்கு எடுத்தது உயிருள்ள செல், இது காய்ந்தது, செத்துப்போனது என்றேன்.

"செத்துதான் பூட்டுச்சு. அத்தொட்டுதான வந்தேன்" என்றாள்.

உள்ளே யாரோ ஃபீனால் புட்டியைத் திறந்தார்கள் போலிருக்கிறது. அந்த நெடி வந்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் வாஷ்பேசினுக்கு ஓடினாள். திரும்பி வந்தவளிடம் எத்தனை மாதம் என்று கேட்டேன். இரண்டு முடிந்துவிட்டதாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சமும் சந்தோஷம் இல்லை.

"இது எனுக்கு வோணாங்க்கா. இந்த வயித்துல அவளையே வெச்சுடுங்க" என்றாள்.

டாக்டரின் அறைக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஸ்டூல் இழுபட்டது. குழந்தை எப்படி இருந்தாள் என்று கேட்டார். தலை நிற்கவில்லை, கால் உதைக்கவில்லை, அழுகை நாளாக நாளாகப் பூனைக்குட்டி குரலாகிவிட்டது, ஆனால் கண் மட்டும் எல்லாரையும் பார்த்துச் சிரிக்கும் என்றாள். கடைசியில் மூச்சு விடத் தசையில் பலம் இல்லை. எழும்பூர்ப் பக்கம் ஒரு பெரிய டாக்டர், தண்டுவட நரம்பு செத்துத் தசை நலிந்துபோகும் பரம்பரை நோயாக இருக்கலாம் என்று வாயால் சொன்னாராம். சோதனை எதுவும் செய்யவில்லை.

"ஆத்துக்காரர் சொந்தமா?"

"தாய்மாமன் சார். எங்கம்மாவோட தம்பி."

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "பாரும்மா, முடியாது. ஆனா முடியும்னே வெச்சுக்கோ. அதே பவானி வருவா. அந்த நோயோடதான் வருவா. மறுபடியும் அந்தப் பத்து மாசம். உனக்கு வேணுமா?"

கீழே மிஷின் யாருடைய பெயரையோ வெட்டிக்கொண்டிருந்தது. "அந்த நோவ மட்டும் எட்த்துட்டு செய்யக் கூடாதா?" என்றாள்.

"அதுவும் ஒரு நாள் வரும். ஆனா அப்படித் திருத்தினா, அவ அதே பவானியா?"

"நல்லா கீறவளா இருந்தா போதும் சார். எவளா இருந்தா இன்னா?"

இதே கேள்வியை நட்சத்திர ஓட்டல்களில் தத்துவப் பேராசிரியர்கள் இரண்டு நாள் விவாதித்ததை நான் பின்னாளில் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. இன்று அந்த நோய்க்கு ஜீனையே மருந்தாக ஏற்றுகிறார்கள். விலையைக் கேட்டால் ஆரோக்கியமாக இருப்பவனுக்கே மூச்சு நின்றுவிடும். அது வேறு கதை.

டாக்டர் விஷயத்துக்கு வந்தார். பெற்றோர் இருவர் உடம்பிலும் பழுதான ஜீன் ஒளிந்திருந்தால், நாலில் ஒரு பங்கு, வயிற்றில் இருப்பதற்கும் அதே நோய் வரலாம். குழந்தையைச் சுற்றி வளரும் நஞ்சுக்கொடியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்துச் சொல்லிவிடலாம். ஆனால் முதலில், பவானிக்கு வந்தது அந்த நோய்தான் என்று நிரூபணமாக வேண்டும். இல்லாவிட்டால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. பவானியின் உடம்பில் மிச்சம் இருப்பது அந்தத் தாயத்துக்குள் இருப்பது மட்டும்தான்.

"சோதிச்சா அது கரைஞ்சு போயிடும்மா. ஒண்ணு அதை வெச்சுக்கோ. இல்ல, உள்ள இருக்கிறதைக் காப்பாத்தப் பார்க்கலாம். ரெண்டும் நடக்காது."

அவள் தாயத்தை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். கர்ப்பம் நம் வசதிக்காகக் காத்திருக்காது. நாள் தள்ளினால் எல்லாமே கைமீறிப் போகும். என் கோபம் முழுக்க டாக்டர் மேல்தான். பத்திரிகையில் வாய் நீளாமல் இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு இந்த ஆசையே வந்திருக்காது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். "வாஸ்தவம். ஆனா இங்க வந்திருக்கவும் மாட்டா" என்றார். இப்படி இரண்டு பக்கமும் ஒலிக்கும் மத்தளம் மாதிரி ஒரு பதில் சொல்லிவிட்டுப் போவதில் அவர் சமர்த்தர்.

ஆனால் வந்தாள். கூடவே கணவர் ஏழுமலையும் வந்தார். சைதாப்பேட்டை மார்க்கெட்டில் வாழையிலை மொத்த வியாபாரம், விரல்களில் வாழைக்கறை. அவர் அதிகம் பேசவில்லை. "குட்த்துடு மதி" என்றார். அவள் மேஜைமேல் வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் இருந்தாள். "குட்த்துடும்மா" என்றார் மறுபடியும். கையை எடுத்தாள்.

நான் கையுறையை மாட்டினேன். "வோணாங்க்கா, பொணத்தத் தொடுற மாதிரி கீது" என்றாள். விதி விதிதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் டாக்டர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, வெறுங்கையால் தாயத்தை எடுத்து, அரக்கைச் சுரண்டி, உள்ளே இருந்ததைத் தட்டில் கொட்டினார். கறிவேப்பிலைக் காம்பு மாதிரி காய்ந்த சில துணுக்குகள். பவானி விட்டுப்போனது அவ்வளவுதான். வளர்மதி குனிந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வழக்கப்படி பாதியை எடுத்து வைத்தேன். மீதியைக் கழுவி, பிளேடால் பொடிப்பொடியாக நறுக்கி, புரதத்தைக் கரைக்கும் நொதியில் ஊறப்போட்டு, வெந்நீர்த் தொட்டியில் வைத்தேன். மறுநாள் ஃபீனால், பிறகு உப்பு, பிறகு குளிர்ந்த ஆல்கஹால். பி.சி.ஆர். மிஷினில் அந்த ஒரு ஜீனை மட்டும் பெருக்கி, வெட்டும் நொதியைச் சேர்த்து, கடல்பாசி ஜெல்லில் ஓடவிட்டேன். நோய் இல்லாதவர்களுக்கு இரண்டு கோடு தெரியும். நோயாளிக்கு மேல் கோடு இருக்காது. கீழ்க் கோடு மட்டும்தான்.

இரண்டு கோடு தெரிந்தது. தண்ணீர்க் குழாய் சுத்தம். டாக்டரும் நானும் தனித்தனியாக எழுதியதும் ஒன்றுதான். அப்படியானால் பவானிக்கு அந்த நோய் இல்லை. வேறு என்ன நோய் என்று கடவுளுக்குத்தான் தெரியும். வயிற்றில் இருப்பதற்கு எதைச் சோதிப்பது?

டாக்டருக்கு மனம் ஒப்பவில்லை. ஆணா பெண்ணா என்று காட்டும் இடத்தை அந்தச் சாம்பிளில் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். பெண் குழந்தையின் தொப்புள்கொடியில் ஆண் குரோமோசோம் உட்கார்ந்திருந்தது.

நான் டாக்டரின் கையைப் பார்த்தேன். அவரும் தன் கையைப் பார்த்தார். "என் கைதான். சந்தேகமே இல்லை. என்னோடதையும் போட்டுப் பாரு" என்று வாயைத் திறந்து கன்னத்தைச் சுரண்டிக் கொடுத்தார். கையுறையைப் பற்றி ஒரு பிரசங்கம் தயாராக வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஆள் மாறும் ஓர் இடத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன். பிரசங்கம் வீணாகிவிட்டது. அது அவர் இல்லை.

ஏழுமலைக்கு ஆள் அனுப்பினோம். இருவரும் வந்தார்கள். இந்தத் தாயத்தை வேறு யாராவது தொட்டார்களா, திறந்தார்களா என்று கேட்டேன். ஏழுமலை தலையைச் சொறிந்தார்.

"அது என்னுது மேடம்."

"என்னது?"

"தாயத்து. நான் கொயந்தைல கட்டிக்கினு இருந்தது. பொண்ணுக்குப் புதுசு வாங்கலாம்னேன். மதிதான் மாமாவோடதுதான் ராசின்னுட்சு."

"உள்ளே இருந்த உங்க தொப்புள்கொடியை எடுத்துட்டுத்தானே பவானியோடதைப் போட்டீங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இவளெல்லாம் என்ன படித்தாள் என்கிற பார்வை. "தாயத்த யாராச்சும் காலி பண்ணுவாங்களா மேடம்? அது ஆவாது. என்னுது அடில கீது, அது மேலயே அவளோடதப் போட்டு அரக்கு வெச்சுட்டோம்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. டாக்டர் அடக்கவே முயலவில்லை. "ஏழுமலை! நான் மட்டும் அந்த ஆட்டு வித்தையைப் பண்ணியிருந்தேன்னா, உனக்கு நீயே பொறந்திருப்பேய்யா!" என்றார்.

வளர்மதி டாக்டரையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "ஐயே, ஒண்ணே போதும் சார்!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மானத்தைக் காப்பாற்றும் அந்தப் பாதி பத்திரமாக இருந்தது. வெளிச்சத்தில் வைத்து லென்ஸால் பார்த்தோம். முன்பே பார்த்திருக்க வேண்டியதுதான். சில துணுக்குகள் கல் மாதிரி கன்னங்கரேல், அது ஏழுமலை. ஒன்றே ஒன்று தேன் நிறத்தில், மெலிசாக. அதைத் தனியே எடுத்தேன். அதில் மேலும் பாதி எடுத்து வைக்க வழியில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சாம்பிளை முழுசாகப் போட்டேன்.

ஆண் குரோமோசோம் இல்லை. முன்பு அப்பாவிடமிருந்து வந்த மேல் கோடும் இல்லை. பவானி தனக்கு என்ன வந்தது என்பதை ஒருவழியாகச் சொல்லிவிட்டாள்.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. அடையாற்றில் ஒரு மருத்துவமனையில் நஞ்சுக்கொடித் துணுக்கை எடுத்து, ஐஸில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். அன்றைக்கென்று மின்வெட்டு. மிஷின் பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஜெல்லை விளக்கில் வைத்தபோது நான் வேண்டாத சாமி இல்லை. பிள்ளையைக் கலைப்பதா வைத்துக்கொள்வதா என்று ஒரு பெண்ணைத் தீர்மானிக்க வைக்கப்போகும் கோடு அது. அதை நான் பார்த்து எழுத வேண்டும். இந்த வேலையின் நியாயத்தைப் பற்றிக் கேட்டால் எனக்குத் தெரிந்தது அந்தப் படபடப்பு மட்டும்தான்.

இரண்டு கோடு. டாக்டரும் இரண்டு என்றே எழுதியிருந்தார்.

சொன்னதும் ஏழுமலை சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதார். வளர்மதி ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சட்டப்படி சொல்லியிருக்க மாட்டோம். அவள் கேட்டது ஒரே வார்த்தை. "அவளா?"

"இல்லைம்மா. இது வேற ஆள்."

"நோவு இல்லாத ஆளு?"

"நோவு இல்லாத ஆள்."

தலையாட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "தாயத்துல அவளோடது ஒன்னியும் மிச்சம் இல்லியாக்கா?"

துணுக்கு போய்விட்டது. அதிலிருந்து எடுத்த டி.என்.ஏ. மட்டும் ஒரு சின்னக் குழாயில், தண்ணீர்த் துளி மாதிரி, ஃப்ரீசரில் இருந்தது. சாம்பிளை வெளியே கொடுக்கக் கூடாது என்பது டாக்டரே போட்ட விதி. அவரே அந்தக் குழாயை எடுத்தார். பல வருஷமாகப் பிப்பெட்டைத் தொடாத மனிதர், தானே உப்புக் கரைசலைச் சேர்த்து, ஆல்கஹாலை ஊற்றிச் சுழலவிட்டார். அடியில் கண்ணை இடுக்கினால் தெரியும்படி ஒரு வெள்ளைப் பொட்டு. அதை மறுபடி கழுவினால்தான் உப்பு போகும். கழுவினால் பொட்டே தெரியாது. அவர் கழுவவில்லை. உலர்த்தி, வடிதாள் துண்டில் ஒற்றி, ஏழுமலையின் கறுப்புத் துணுக்கு மிச்சத்தோடு தாயத்துக்குள் வைத்து மூடினார். வளர்மதியைத் தன் அறைக்குள் அழைத்துப் போனார். ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. கதவு மூடியிருந்தது.

வெளியே வந்தபோது அவள் முகம் நனைந்திருந்தது. ஆனால் தெளிவாக இருந்தாள். தாயத்தை மூடிய கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போனாள்.

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. "முக்கால்வாசி உப்பைக் கொடுத்து, இந்தா உன் மகள்னு அனுப்பி வெச்சுட்டீங்களே சார்! ரிப்போர்ட்ல இப்படி எழுதுவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லியிருக்கா, மங்கை. போ, ஃப்ரீசர் கதவு சரியா மூடலை பாரு" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. சில வருஷங்களுக்கு முன் காலமாகிவிட்டார். எவ்வளவு நல்ல மனிதரும் துக்கத்தின் முன்னால் ஓர் இனிப்பான பொய்யைச் சொல்லிவிடுவார் என்பதற்கு உதாரணமாக, அவரை நான் எல்லா வகுப்பிலும் நிறுத்தி வைத்தேன்.

போன வாரம் கதவைத் தட்டியது வளர்மதியும் அவள் மகனும். தலை நரைத்துவிட்டது, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பையனைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே நெற்றி, அதே வாழைக்கறை விரல், அச்சு அசல் ஏழுமலை. எந்தச் சோதனைக்கூடமும் இவ்வளவு சுத்தமாகப் பிரதி எடுக்காது. கல்யாணப் பத்திரிகையை நீட்டினாள்.

"பொண்ணு யாரு?"

"எங்கண்ணன் பொண்ணுதாங்க்கா."

"அடிப்பாவி! அன்னிக்கு அவ்வளவு பட்டும் மறுபடி சொந்தத்திலேயா?"

"கத்தாதீங்கக்கா. ரெண்டும் ஆசப்பட்டுச்சுங்க. மொதல்ல ரத்தம் குடுத்துட்டு வாங்க, அப்பால பேசலாம்னுட்டேன். இவனுக்கு அது ஒளிஞ்சிக்கினு கீதாம். பொண்ணுக்கு இல்லியாம். கொயந்தைக்கு வராதுன்னு எழுதியே குட்த்துட்டாங்க."

ஏழுமலை எங்கே என்று கேட்டேன். போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டாராம். "ஒண்ணே போதும்னு சொன்னேன்ல அன்னிக்கு? அந்த ஒண்ணும் பூட்டுச்சுக்கா" என்றாள்.

பையன் சட்டைக்குள்ளிருந்து அந்தத் தாயத்தை இழுத்துக் காட்டினான். "மேடம், என்னோடதும் இதுலதான் கீதாம். வேற யாரு யாரு கீறாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்னு அம்மா சொல்லிச்சு."

"உங்கப்பா இருக்காரு" என்றேன். "அப்புறம் உங்கக்கா..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். இத்தனை வருஷம் ஊருக்கு உபதேசம் செய்த நாக்கு, தாயின் முன்னால் அந்த மீதியைச் சொல்ல மறுத்தது.

வளர்மதி சிரித்தாள். "இன்னாக்கா முயுங்குறீங்க? உப்பத்தான? அத்த டாக்டரு அன்னிக்கே சொல்ட்டாரே!"

"என்ன சொன்னார்?"

"அந்தக் குட்ட ஸ்டூலு மேல குந்திக்கினு சொன்னாரு. ‘இதுல முக்காவாசி உப்புதாம்மா. மிச்சம்தான் உம் பொண்ணு. அதுக்கும் உசுரு இல்ல, திரும்பி வர மாட்டா. வெறுந்தாயத்தா குடுக்க மனசு வரல, அதான் வெச்சேன். போதுமா?’ன்னு கேட்டாரு. போதும் சார்னேன்."